சிக்கிள் செல் வலிக்கு அபின் வகை அல்லாத மருந்துகள்: வீட்டில் தொடங்கி மருத்துவமனை வரை முழுமையான வழிகாட்டி

ராத்திரி 11 மணிக்கு வரும் போனில் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான்: “சிஸ்டர், மாத்திரை குடுத்தேன், கேக்கல.” வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் காலையில் என்பார்கள். மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்றால் சாயங்காலம் என்பார்கள், அதுவும் ஒரே ஒரு தடவை. நீலகிரி மலைக் கிராமங்களில், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குடும்பங்களோடு செவிலியராக வேலை செய்த வருடங்களில் இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பல வீடுகளில் மருந்து நல்ல மருந்துதான். அது பிந்தி வந்தது, அளவு குறைந்து வந்தது, அடுத்த வேளைக்கு வரவே இல்லை. சில வீடுகளில் இதற்கு நேர்மாறு: வரக் கூடாத மருந்து, வரக் கூடாத நாளில் வந்து, கிட்னியைக் கெடுத்துவிட்டுப் போனது.

இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே நீலகிரியில்தான். 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். பணியர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் வீடுகளில் இன்றைக்கும் இந்த நோய் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு பரிசோதனை அட்டை பலர் கைக்கு வந்துவிட்டது. வலி வந்தால் என்ன செய்வது என்று எழுதிய தாள்தான் பல வீடுகளில் இன்னும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், டிரமடால் போன்ற அபின் வகை மருந்துகளை ஒதுக்கச் சொல்லும் கட்டுரை அல்ல இது. கடும் வலிக்கு மார்ஃபின் தேவை என்றால் தேவைதான். ஆனால் 1985ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014ல் தளர்த்தப்பட்ட பிறகும் பல சிறு மருத்துவமனைகளில் மார்ஃபின் இருப்பில் இருப்பதில்லை. லேசான வலி, நடுத்தர வலி, மார்ஃபின் கிடைக்கும் வரையான நேரம், மார்ஃபினுக்குப் பக்கத்துணை, வருடக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி, இத்தனைக்கும் மற்ற மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது

சிக்கிள் செல் நோயில் ஹீமோகுளோபினின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். ஆக்சிஜன் குறையும்போது அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டையாக இருக்க வேண்டிய சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அதற்கு அப்பால் இருக்கும் எலும்பு மஜ்ஜைக்கு ரத்தம் போகாது. அங்கே திசு வாடும், வாடிய இடத்தில் அழற்சி எழும். முதுகு, இடுப்பு, தொடை, கை, நெஞ்செலும்பு என்று உள்ளிருந்து யாரோ குடைவது போல வரும் வலி இதுதான். கைக்குழந்தைக்கு இரண்டு கைகளும் பாதங்களும் வீங்கி வரும். குளிர், மழையில் நனைவது, தண்ணீர் குடிக்காமல் எஸ்டேட்டில் வேலை செய்வது, காய்ச்சல், அதிக அலைச்சல் எல்லாம் இதைக் கிளப்பிவிடும்.

அழற்சி என்ற சொல்லை நினைவில் வையுங்கள். ஐபுபுரூஃபன் போன்ற மருந்துகள் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடம் பக்கம் வேலை செய்கிறது. இரண்டின் வழியும் வேறு என்பதால் சேர்த்துக் கொடுக்கலாம், சேர்த்தால் பலனும் கூடும்.

படி 1: வலி இல்லாத நாளில் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியம். வலியில் துடிக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அளவு கணக்குப் போட யாராலும் முடியாது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்டு ஒரே தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: இன்றைய எடை, அந்த எடைக்கான பாராசிட்டமால் அளவு, ஐபுபுரூஃபன் கொடுக்கலாமா கூடாதா, கொடுக்கலாம் என்றால் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு முறை, எத்தனை நாள் வரை. அதோடு வழக்கமான ஹீமோகுளோபின் அளவும். வழக்கமாக 8 இருக்கிற ஒருவருக்கு 8 என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல, 5 என்பது அவசரம். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு இந்த வித்தியாசம் உங்கள் தாளிலிருந்துதான் தெரியும்.

அதே நாளில் 3 பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். முதலாவது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா. இரண்டாவது, ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. மூன்றாவது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். சிக்கிள் செல் உள்ளவர்களுக்குக் கிரியேட்டினின் பெரும்பாலும் குறைவாகவே காட்டும், அதனால் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட்டில் வருவதை மட்டும் நம்பிவிட முடியாது. போன வருடம் 0.4 இருந்தது இந்த வருடம் 0.8 என்றால், ரிப்போர்ட்டில் நார்மல் என்றே வந்தாலும், கிட்னி பாதி வேகத்துக்கு வந்திருக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிள்ளையின் எடை 3 மாதத்துக்கு ஒரு முறை மாறும். தாளும் மாற வேண்டும்.

வீட்டில் ஒரு டப்பாவில் தெர்மாமீட்டர், அட்டையோடு உள்ள மாத்திரை அல்லது சிரப், அளவு மூடி அல்லது சிரிஞ்சு, பேனா, நோட்டு, கொஞ்சம் ரஸ்க் வைத்துவிடுங்கள். டீஸ்பூனால் சிரப் அளக்காதீர்கள், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு.

படி 2: மாத்திரைக்கு முன்னால் தெர்மாமீட்டர்

வலி மாத்திரைகள் காய்ச்சலையும் இறக்கிவிடும். பார்க்காமல் கொடுத்துவிட்டால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கிருமித் தொற்று வெளியே தெரியாது. சிக்கிள் செல் நோயில் மண்ணீரல் சிறு வயதிலேயே வேலை செய்வதை நிறுத்திவிடும், அதனால் சாதாரணக் கிருமிகூட சில மணி நேரத்தில் ரத்தமெல்லாம் பரவிவிடலாம். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால், வலி லேசாக இருந்தாலும், அன்றைக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. முதல் வேளை பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டு, பார்த்த டிகிரியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

காய்ச்சல் இல்லாமலும் உடனே கிளம்ப வேண்டிய நிலைகள் உண்டு. நெஞ்சு வலியோடு மூச்சு வாங்குவது அல்லது இருமல். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, கை காலை அசைக்க முடியாமல் போவது, இதுவரை வராத மாதிரித் தலைவலி, பார்வை மங்குவது. பிள்ளை திடீரென வெளுத்து, இடது விலாவுக்குக் கீழே வயிறு கெட்டியாகப் பெருத்திருப்பது. ஆணுறுப்பு விறைத்து 2 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலிப்பது. கடைசியாகச் சொன்னதைப் பையன்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். 4 மணி நேரத்தைத் தாண்டினால் நிரந்தர பாதிப்பு வரலாம். வயதுக்கு வந்த மகனிடம் அப்பாவோ மாமாவோ இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை, வழக்கமாக வரும் இடத்தில் வழக்கமாக வரும் வலிதான் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: பாராசிட்டமால், சரியான அளவில்

பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிள்ளை 15 கிலோ, கிலோவுக்கு 15 என்றால் 225 மில்லிகிராம். கடையில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கும், 5 மில்லிக்கு 250 உள்ளதும் கிடைக்கும். முதலாவது என்றால் 9 மில்லி, இரண்டாவது என்றால் 4.5 மில்லி. பாட்டில் மாறினால் அளவும் மாறும். போன தடவை வாங்கிய பாட்டிலின் அளவை இந்தப் பாட்டிலுக்குப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்த்த பிழை, அதில் மருந்து பாதியாகவும் போகும், இரட்டிப்பாகவும் போகும்.

பெரியவர்களுக்கு 50 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், நாள் முழுக்கச் சேர்த்து 4 கிராமுக்குள். ஆனால் சிக்கிள் செல் உள்ள பெரியவர்கள் பலர் 50 கிலோவைத் தொடுவதில்லை. 45 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 650 மாத்திரை ஒன்று சரியான வேளை. அவருக்கு 1000 அதிகம். நாளைக்கு 4 மாத்திரையோடு நிறுத்திவிட வேண்டும்.

சளி மாத்திரை, ஜுர மாத்திரை, ‘ஸ்ட்ராங்கான’ வலி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அசிக்ளோஃபெனாக்கோடு, ஐபுபுரூஃபனோடு, டிரமடாலோடு சேர்ந்தே வரும் மாத்திரைகள் உண்டு. தனியாக ஒன்று, கலவையில் ஒன்று என்று போட்டால் ஈரலுக்குத் தாங்காது. அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டுக் கொடுங்கள். தினமும் குடிப்பவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் மருத்துவர் சொல்லும் குறைந்த அளவோடு நிறுத்த வேண்டும்.

படி 4: ஐபுபுரூஃபன் வகை, கிட்னியைக் கேட்டுக்கொண்டு

ஐபுபுரூஃபன், நேப்ராக்சன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், கீட்டோரோலாக் எல்லாம் ஒரே குடும்பம். சிக்கிள் வலியில் அழற்சி இருப்பதால் இந்தக் குடும்பத்துக்கு இங்கே நல்ல வேலை உண்டு. பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், நாளைக்கு 3 வேளை. அதே 15 கிலோ பிள்ளைக்கு, 5 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சிரப்பில், அதிகபட்சம் 7.5 மில்லி. கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஒரே சமயத்தில் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான், இரண்டைக் கலக்கக் கூடாது. ஐபுபுரூஃபன் போட்டு 2 மணி நேரத்தில் கேட்கவில்லை என்று டைக்ளோஃபெனாக் போடுவது மருந்தைக் கூட்டாது, கெடுதலைத்தான் கூட்டும்.

இனிக் கிட்னிக்கு வருகிறேன். சிக்கிள் செல் உள்ளவரின் கிட்னி நோயில்லாதவரின் கிட்னி போல அல்ல. அதன் உள்பகுதியில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு, அதனால் அணுக்கள் அங்கேயே வளைந்து அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலேயே சிறுநீரைக் கெட்டிப்படுத்தும் திறன் போய்விடும். ராத்திரி பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பதும், பெரிய பையன் படுக்கையை நனைப்பதும் இதனால்தான், அவனைத் திட்டுவதில் பயனில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் சிறுநீர் வெளியே போய்க்கொண்டே இருப்பதால் இவர்கள் சீக்கிரம் வறண்டுவிடுவார்கள். கிட்னிக்குள் ரத்தம் போகும் குழாய்களை விரித்து வைத்திருக்கும் பொருளையும் ஐபுபுரூஃபன் குடும்பம் தடுத்துவிடும். வறண்ட உடம்பு, ஏற்கெனவே நைந்த கிட்னி, அதன் மேல் இந்த மாத்திரை, மூன்றும் ஒன்றாகக் கூடும் நாள்தான் ஆபத்தான நாள்.

ஆகவே வாந்தி, வயிற்றுப்போக்கு, சரியாகத் தண்ணீர் குடிக்க முடியாத நிலை, சிறுநீர் குறைந்திருப்பது அல்லது ரத்தம் கலந்து வருவது என்றால் இந்தக் குடும்பத்தைத் தொடாமல் பாராசிட்டமாலோடு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரில் ஆல்புமின் போவதற்காக எனலாப்ரில், லோசார்டன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரூஃபன் போடக் கூடாது. வயிற்றுப் புண், மலம் கறுப்பாகப் போவது, வலி மாத்திரை போட்டதும் இளைப்பு வரும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இது ஆகாது. டெங்கு சீசனில் காய்ச்சலோடு வலி என்றால் பாராசிட்டமால் மட்டுமே, ஏனெனில் தட்டணு குறைந்திருக்கும்போது இந்த வகை ரத்தக் கசிவை உண்டாக்கலாம். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு இதைத் தவிர்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம், வைரஸ் காய்ச்சலோடு சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ஓர் அரிய நோய்க்கு அது வழிவிடும். நிமசுலைடு 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை இந்தியா 2011லேயே தடை செய்துவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டில் 2 நாளைக்கு மேல் இந்த வகை மாத்திரை வேண்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரின் கண்காணிப்பிலேயே இது பொதுவாக 5 முதல் 7 நாள் வரைதான்.

இங்கே இன்னொன்றையும் மனசு வலித்துத்தான் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க” என்று கேட்டால் காகிதத்தில் மடித்து 4, 5 மாத்திரை தருவார்கள். அதில் ஒரு வலி மாத்திரை இருக்கும், கலவையில் இன்னொரு வலி மாத்திரை இருக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு சிக்கிள் வலியை ஓரிரு நாள் அடக்கிக் காட்டும், நிறுத்தியதும் வலி முன்னைவிட வேகமாகத் திரும்பும். அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் திடீர் வலிக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்றே சொல்கிறது. ஆகவே செட் மாத்திரை வாங்காதீர்கள். பெயர் தெரியும் அட்டையாக வாங்குங்கள். இடுப்பில் போடும் ‘கலவை ஊசி’யில் என்னென்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 5: கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், முகத்தைப் பார்த்து அல்ல

வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம், ஏறவிடாமல் பிடித்து வைப்பது எளிது. ‘வலிச்சா குடுக்கலாம்’ என்பதை வலி வந்த முதல் 24 மணி நேரத்துக்கு மறந்துவிடுங்கள். அடிக்கடி வலி வந்து பழகியவர்களுக்கு அது வரப்போவதும் தெரியும். உடம்பு கனக்கிறது, கண் மஞ்சளாகிறது, எலும்புக்குள் ஒரு மாதிரி இருக்கிறது என்பார்கள். அந்த நேரமே முதல் வேளைக்கான நேரம்.

45 கிலோ உள்ள, கிட்னி நன்றாக உள்ள, ஐபுபுரூஃபன் போடலாம் என்று மருத்துவர் சொன்ன ஒருவருக்குக் காலை 6 மணிக்கு வலி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மணிக்கு ரெண்டு ரஸ்க் அல்லது கொஞ்சம் கஞ்சி, உடனே பாராசிட்டமால் 650, ஐபுபுரூஃபன் 400 இரண்டும். மதியம் 12க்குப் பாராசிட்டமால். 2 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஐபுபுரூஃபன். மாலை 6க்குப் பாராசிட்டமால். ராத்திரி 10க்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐபுபுரூஃபன். நள்ளிரவு 12க்குப் பாராசிட்டமால், தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டியதில்லை, விழித்ததும் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டி மறுபடி கொடுத்துவிடுவது அன்பினால் நடக்கும் விபத்து, நோட்டு இருந்தால் நடக்காது.

வலிக்கு 10க்கு எத்தனை மார்க் என்று வேளைக்கு ஒரு முறை கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுங்கள். சின்னப் பிள்ளையிடம் எண்ணைக் கேட்க முடியாது. விளையாடுகிறானா, திரும்பிப் படுக்கிறானா, காலைத் தொடவிடுகிறானா என்று பார்த்து எழுதினாலே போதும்.

மாத்திரையோடு கூடவே தண்ணீர். ஒரேயடியாக அல்ல, மணிக்கு ஒரு டம்ளர் என்று நாள் முழுக்க. வலிக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை, வெதுவெதுப்பான துணி, கம்பளி. ஐஸ் வைக்கவே கூடாது. விளையாட்டில் அடிபட்ட காலுக்கு ஐஸ் வைத்துப் பழகிய பள்ளிக்கூடங்களில் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள். குளிர் பட்டால் ரத்தக் குழாய் சுருங்கி அடைப்பு அதிகமாகும். டைக்ளோஃபெனாக் ஜெல் ஒரு முட்டி, ஒரு தோள் என்று சிறிய இடத்துக்கு உதவும், எலும்புக்குள் இருக்கும் பெரிய வலிக்கு அதை நம்பாதீர்கள்.

படி 6: எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது

இரண்டு மருந்தையும் சரியான அளவில் கொடுத்து 2 வேளை ஆகியும் மார்க் இறங்கவில்லை, ஏறுகிறது என்றால் கிளம்புங்கள். தொடக்கத்திலேயே 8, 9 என்றால் முதல் வேளையைக் கொடுத்துவிட்டு நேராகக் கிளம்புங்கள். மாத்திரை வாந்தியில் போய்விட்டாலும் அப்படியே. மலைப்பாதையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் இந்த முடிவில் ஒரு கணக்கு. சாயங்காலம் 5 மணிக்குச் சந்தேகமாக இருந்தால் இருட்டும் வரை காத்திருக்காமல் போய்விடுவதே நல்லது, 108க்குச் சொன்னாலும் வண்டி மேலே ஏறி வர நேரமாகும்.

கிளம்பும்போது தாள், நோட்டு, மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காசுவாலிட்டியில் முதலில் சொல்ல வேண்டியது: “சிக்கிள் செல் நோயாளி, வலி 10க்கு 8, பாராசிட்டமால் 650 மதியம் 12 மணிக்கு, ஐபுபுரூஃபன் 400 மதியம் 2 மணிக்குக் கொடுத்தாச்சு.” இதைச் சொல்லாவிட்டால் அங்கே டைக்ளோஃபெனாக் ஊசியும் பாராசிட்டமால் டிரிப்ஸும் ஏறி, ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடும்.

அங்கே என்ன எதிர்பார்க்கலாம்? பிரிட்டனின் 2012 வழிகாட்டுதல் வந்து சேர்ந்த 30 நிமிடத்துக்குள்ளும், அமெரிக்க ரத்தவியல் சங்கம் 1 மணி நேரத்துக்குள்ளும் முதல் வலி மருந்து கொடுக்கச் சொல்கின்றன. பிறகு 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு முறை வலியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் நரம்பு வழியாக ஏறும். கீட்டோரோலாக் கொடுத்தால் 5 நாளைக்கு மேல் போகக் கூடாது. அபின் வகைக்கும் அடங்காத வலிக்கு, மயக்கம் வராத சிறிய அளவில் கெட்டமைன் மருந்தைக் கண்காணிப்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும் வலிக்கு அந்தப் பகுதி நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் ஒரு வழி.

இத்தனையும் மார்ஃபினுக்குப் பக்கத்துணையே தவிர அதற்குப் பதில் அல்ல. “இவன் அடிக்கடி ஊசி கேக்குறான்” என்று சொல்லி ஒரு வார்டில் துடித்துக்கொண்டிருந்த இளைஞனைப் பாராசிட்டமாலோடு படுக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் அவனுக்கு நுரையீரலில் அடைப்பு வந்து ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. வலியில் ஆழமாக மூச்சு இழுக்க முடியாதவனின் நுரையீரல் அடிப்பகுதி சுருங்கி, அங்கே அணுக்கள் வளைந்து, நிமோனியா போன்ற அந்த நிலை வருகிறது. வலியை அடக்குவதும் மூச்சை ஆழமாக இழுக்க வைப்பதும் நுரையீரலைக் காப்பாற்றும் சிகிச்சையேதான்.

டிரமடாலையும் பலர் சாதாரண வலி மாத்திரை என்று நினைக்கிறார்கள். அது அபின் வகைதான். 2018ல் அதுவும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மருத்துவர் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள்.

படி 7: தினமும் இருக்கும் வலி வேறு கதை

வந்து போகும் வலிக்கும், 3 மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருக்கும் வலிக்கும் ஒரே மருந்து கொடுப்பது பயன் தராது. முதலில் காரணத்தைத் தேட வேண்டும். தொடை இடுக்கில் வலி, தாங்கித் தாங்கி நடப்பது என்றால் தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்தமில்லாமல் செத்துப்போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். கணுக்காலில் ஆறாத புண், முதுகெலும்பு அமுங்கியிருப்பது என்று வேறு காரணங்களும் உண்டு.

காரணம் எதுவும் அகப்படாத தினசரி வலியில் நரம்புகளே வலியைப் பெருக்கிக் காட்டுகின்றன. எரிச்சல், குத்தல், துணி பட்டாலே வலிப்பது எல்லாம் இதன் அடையாளம். இதற்கு ஐபுபுரூஃபனை வருடக்கணக்கில் சாப்பிட்டுக் கிட்னியை இழந்தவர்கள் உண்டு. டுலாக்செடின், அமிட்ரிப்டிலின், கேபபென்டின், பிரிகேபாலின் ஆகியவற்றில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். “மனநோய் மாத்திரை குடுத்துட்டாங்க” என்று சிலர் டுலாக்செடினையும் அமிட்ரிப்டிலினையும் நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கும் அது மருந்துதான், வலியை அடக்கும் நரம்பு வழியைப் பலப்படுத்துவதாலேயே இங்கே கொடுக்கிறார்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம். அமிட்ரிப்டிலின் ராத்திரிக்கு 10 மில்லிகிராமில் தொடங்கும், வாய் வறளும், மலச்சிக்கல் வரும், தண்ணீரும் கீரையும் கூடுதலாக வேண்டும். கேபபென்டினும் பிரிகேபாலினும் தூக்கம் தள்ளும், கிட்னி குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், மார்ஃபினோடு சேரும்போது மூச்சு மந்தமாகலாம். டிரமடாலோடு டுலாக்செடின் சேர்வது ஆபத்து, இரண்டும் வெவ்வேறு மருத்துவர் எழுதியிருந்தால் இரண்டு சீட்டையும் ஒருவரிடம் காட்டுங்கள். இவற்றில் எதையும் திடீரென நிறுத்தக் கூடாது.

மூச்சுப் பயிற்சி, மிதமான யோகா, மசாஜ், மனதுக்கு ஆலோசனை எல்லாம் இந்த வகை வலிக்கு உண்மையாகவே உதவுகின்றன.

படி 8: வலி வருவதையே குறைக்கும் மருந்து

ஹைட்ராக்ஸியூரியா வலி மாத்திரை அல்ல, வலி வந்த பிறகு போட்டால் கேட்கவும் கேட்காது. ஆனால் தினமும் சாப்பிட்டால் கருவில் இருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபின் மறுபடி கூடி, அணுக்கள் வளைவது குறையும். 1995ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் இது வலி நெருக்கடிகளை ஏறக்குறைய பாதியாக்கியது. அபின் வகை அல்லாத மருந்துகளில் எனக்கு ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பலன் முழுதாகத் தெரிய 3 முதல் 6 மாதம் பிடிக்கும், அதற்குள் ‘கேக்கல’ என்று விட்டவர்களே அதிகம். வெள்ளணு, தட்டணு குறைகிறதா என்று பார்க்க முதலில் மாதத்துக்கு ஒரு முறையாவது, பிறகு 2, 3 மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். பிள்ளை பெறத் திட்டமிடுகிறவர்கள், ஆணோ பெண்ணோ, முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்-குளூட்டமின் என்ற பொடி மருந்துக்கு 2017ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019ல் பெரிய எதிர்பார்ப்போடு வந்த இரண்டில், கிரிசன்லிசுமாபுக்கு ஐரோப்பா 2023ல் அனுமதியைத் திரும்பப் பெற்றது, வோக்சலோட்டரை அதன் நிறுவனமே 2024ல் உலகமெங்கும் விலக்கிக்கொண்டது. புதிது என்று கேள்விப்பட்டுக் கடன் வாங்கி ஓட வேண்டியதில்லை. பழைய ஹைட்ராக்ஸியூரியா அரசு மருத்துவமனையில் கேட்டால் கிடைக்கக்கூடிய மருந்து.

வலி வந்து படுத்திருக்கும் நாளிலும், மருத்துவமனையில் சேர்த்த நாளிலும் ஹைட்ராக்ஸியூரியாவை மறந்துவிடுகிறார்கள். ரத்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்று மருத்துவர் நிறுத்தச் சொன்னால் ஒழிய அந்த நாட்களிலும் தொடர வேண்டும். வீட்டு டப்பாவில் வலி மாத்திரைக்குப் பக்கத்தில் அதன் அட்டையையும் வைத்து, நோட்டில் அதற்கென ஒரு வரி ஒதுக்கிவிடுங்கள்.